ஜவ்வாது மலையில் நார்க்கஞ்சா வளருமா?

பெரிய பலசரக்குக் கடைகளில் இப்போது ‘ஹெம்ப் விதை’ என்று அச்சிட்ட பொட்டலம் கிடைக்கிறது. வாங்கி வந்து பொடித்துக் கஞ்சியில் கலந்து குடிக்கலாம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2021 நவம்பரில் அந்த விதையையும் அதன் எண்ணெயையும் மாவையும் உணவாக ஏற்றுக்கொண்டது. அதே விதையை முளைக்கவைத்து வீட்டுக் கொல்லையில் வளர்த்தால் பத்து ஆண்டுவரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் காத்திருக்கின்றன. கடையில் இருப்பதையும் காவல்துறை பிடுங்கி எரிப்பதையும் தாவரவியலாளர் ‘கன்னாபிஸ் சடைவா’ என்ற ஒரே பெயரால்தான் குறிப்பிடுகிறார். இலையைப் பார்த்து எது எது என்று சொல்ல அவராலும் முடியாது.

2018-இல் உத்தராகண்ட் அரசு இந்தச் செடியை நாருக்கும் விதைக்கும் பயிரிட உரிமம் வழங்கியது. இந்தியாவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் அதுதான். இமயமலைச் சரிவில் விளைவது நம் கிழக்குத் தொடர்ச்சி மலையில் விளையாதா என்ற கேள்வி உடனே எழுகிறது. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது ஜவ்வாது மலை. அங்கே ‘மலையாளி’ என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள்; கேரளத்து மலையாளிகளோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சாமையும் புளியும் தேனும் பலாவும் தரும் வருமானத்தில் காலம் தள்ளும் அவர்களுக்கு இது ஒரு நல்ல வழியாக இருக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆசையை விதைப்பதற்கு முன் செடியின் உள்ளே நடப்பதைப் பார்த்துவிட வேண்டும்.

பெயரை முதலில் தீர்த்துக்கொள்வோம். தமிழில் சணல் என்றால் கோணி தைக்கும் செடி. பசுந்தாள் உரமாக உழும் சணப்பை பயறுக் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டுக்கும் கஞ்சாவோடு எந்த உறவும் இல்லை. ஆகவே இந்தக் கட்டுரையில் நாருக்கும் விதைக்கும் வளர்ப்பதை நார்க்கஞ்சா என்றும், போதைக்கு வளர்ப்பதைப் போதைக்கஞ்சா என்றும் சொல்கிறேன்.

ஜவ்வாது மலைக்கு இந்தச் செடி புதிது அன்று. 1893-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு, கஞ்சாப் பழக்கத்தை ஆராய மேக்வொர்த் யங் தலைமையில் ஓர் ஆணையத்தை அமைத்தது. லண்டன் நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்விதான் அதற்குக் காரணம். ஆணையம் நாடெங்கும் 1,193 சாட்சிகளை விசாரித்து அடுத்த ஆண்டே ஏழு தொகுதிகளாக அறிக்கை தந்தது. மிதமான பழக்கத்தால் பெருந்தீங்கு இல்லை, முழுத்தடை வேண்டாம், உரிமமும் வரியும் போட்டுக் கட்டுப்படுத்தினால் போதும் என்பது அதன் முடிவு. சென்னை மாகாணத்தில் கஞ்சா பயிராகும் இடங்களாக அந்த அறிக்கை பேசியவற்றுள் முக்கியமானவை இரண்டு: ஆந்திரப் பகுதியில் கிருஷ்ணா மாவட்டம், வட ஆர்க்காட்டில் ஜவ்வாது மலை. அப்போது அங்கே விளைந்தது நாருக்கான செடி அன்று, போதைக்கானது. இந்த ஒரு செய்தியைப் பின்னால் பயன்படுத்தப் போகிறோம்.

நாருக்கு வருவோம். கஞ்சாத் தண்டைக் குறுக்கே வெட்டினால் நடுவில் லேசான கட்டையும் அதைச் சுற்றிப் பட்டையும் இருக்கும். நார் பட்டையில் இருக்கிறது. நீண்ட நார்ச் செல்கள் கற்றை கற்றையாக, பெக்டின் என்ற பசையால் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. தண்டை நீரில் ஊறவைத்தாலோ பனி படும்படி வயலில் கிடத்தினாலோ நுண்ணுயிர்கள் பெக்டினைத் தின்றுவிடும். நாரை அவை அவ்வளவு சீக்கிரம் தொடாது. பிறகு அடித்து உரித்தால் நார் தனியாக வரும். பழைய சீனத்துக் காகிதம் இந்த நாரில்தான் செய்யப்பட்டது. ஐரோப்பியக் கப்பல்களின் பாயும் கயிறும் இதுவே. பிரிட்டனின் கடற்படை இந்த நாருக்கு ரஷ்யாவை நம்பியிருந்தது. அதற்கு மாற்றுத் தேடித்தான் கிழக்கிந்தியக் கம்பெனி இந்திய நார்ச்செடிகளை ஆராயச் சொன்னது. கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்தில் வில்லியம் ராக்ஸ்பரோ அந்த வேலையைச் செய்தார். கிரிமியப் போரில் ரஷ்யாவே எதிரியாகிவிட்ட நேரத்தில், 1855-இல், ஃபோர்ப்ஸ் ராயில் இந்திய நார்ச்செடிகளைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார்.

நம் நாட்டில் இதன் பழமைக்கு அழகான சான்று எல்லோராவில் இருக்கிறது. தொல்லியல் துறையில் வேதியியலாளராக இருந்த ராஜ்தேவ் சிங், அவுரங்காபாத் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் சர்தேசாய் இருவரும் அந்தக் குகைச் சுவர்களின் மண்பூச்சிலிருந்து சிறு துணுக்குகளை எடுத்தார்கள். மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது பூச்சுக்குள் தாவரத் துண்டுகள் தெரிந்தன. அவை கஞ்சாவேதானா என்று உறுதிசெய்ய, இன்று வளரும் கஞ்சாச் செடிகளை எடுத்துவந்து நுண்ணோக்கி உருவத்தையும் அகச்சிவப்பு நிறமாலையையும் ஒப்பிட்டார்கள். பொருந்தின. 2016-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் இது வெளியானது. அஜந்தாவின் பூச்சில் கஞ்சா இல்லை. அங்கே ஓவியங்களைப் பூச்சிகள் அரித்திருக்கின்றன. எல்லோராவில் அந்தத் தொல்லை இல்லை. ஆயிரம் ஆண்டுக்கு மேல் பூச்சு தாக்குப்பிடித்ததற்குக் கஞ்சா நாரும் ஒரு காரணம் என்பது அவர்கள் கருத்து. இன்று மேலைநாடுகளில் கஞ்சாத் தண்டின் நடுக்கட்டையைச் சுண்ணாம்போடு கலந்து சுவர் எழுப்புகிறார்கள். நம் கொத்தர்கள் அறிந்திருந்த வேலைக்கு அது தூரத்து உறவுதான்.

இனி போதை. அது எங்கிருந்து வருகிறது என்பது 1964 வரை தெளிவாகத் தெரியவில்லை. அபினிலிருந்து மார்ஃபினை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரித்துவிட்டார்கள். கஞ்சாவின் பொருட்களோ எண்ணெய்ப் பசையாக ஒன்றோடொன்று கலந்து கிடந்ததால் பிடிகொடுக்கவில்லை. இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலம் என்ற இளம் வேதியியலாளர், காவல்துறை பறிமுதல் செய்து வைத்திருந்த 5 கிலோ கஞ்சாப் பிசினைக் கேட்டு வாங்கினார். அதைத் தனித்தனிப் பொருளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றே ஒன்றுதான் குரங்குகளை மந்தமாக்கியது. டெட்ராஹைட்ரோகன்னாபினால் என்ற நீண்ட பெயர் கொண்ட அதைச் சுருக்கமாக டி.எச்.சி. என்கிறோம். அதற்கு முந்தைய ஆண்டில் அதே ஆய்வகம் இன்னொரு பொருளின் அமைப்பையும் கண்டுபிடித்திருந்தது: கன்னாபிடியால், அதாவது சி.பி.டி. அது போதை தராது.

இந்த இரண்டும் செடிக்குள் ஒரே தாயின் பிள்ளைகள். பெண் பூவின் மேல் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத குட்டிக் குண்டூசிகள்போல் சுரப்பித் தூவிகள் நிற்கின்றன. அவற்றில் முதலில் ஒரு தாய் அமிலம் உருவாகிறது. அதைப் பிடித்து மடக்கித் திருத்துபவை நொதிகள். ஒரே மாவு இட்லிப் பானைக்குப் போனால் இட்லி, கல்லில் ஊற்றினால் தோசை. அதுபோல ஒரு நொதி தாய் அமிலத்தை டி.எச்.சி.யின் அமிலமாக்குகிறது, இன்னொன்று சி.பி.டி.யின் அமிலமாக்குகிறது. எந்த நொதி இருக்கும் என்பதை மரபணு முடிவுசெய்கிறது. எட்டியென் டி மேயரும் கூட்டாளிகளும் 2003-இல் இதை வளர்த்தே காட்டினார்கள். டி.எச்.சி. வகையையும் சி.பி.டி. வகையையும் கலந்தபோது பிறந்த செடிகள் எல்லாமே இரண்டையும் கலந்து தந்தன. அவற்றின் அடுத்த தலைமுறையில் நான்கில் ஒரு பங்கு தனி டி.எச்.சி., ஒரு பங்கு தனி சி.பி.டி., மீதி இரண்டு பங்கு கலப்பு. மெண்டல் பட்டாணியில் கண்ட அதே கணக்கு.

செடியில் இருப்பவை அமிலங்கள் என்றேன். அந்த நிலையில் போதை இல்லை. புகைக்கும்போதோ சமைக்கும்போதோ சூட்டில் கரியமில வாயு கழன்றுபோன பிறகே அது டி.எச்.சி. ஆகிறது. எனவே ஆய்வகம் அமிலத்தையும் டி.எச்.சி.யையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். சந்தேகப் பொருளில் மருந்தை விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்க்கும் சோதனை இங்கே உதவாது. அது கஞ்சாவா என்று சொல்லும். எந்தக் கஞ்சா என்று சொல்லாது.

நார்க்கஞ்சாவுக்கு எல்லைக்கோடாக அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் உத்தராகண்டும் வைத்திருப்பது 0.3 சதவீத டி.எச்.சி. இந்த எண் கனடாவில் பிறந்தது. ஒட்டாவாவில் எர்னஸ்ட் ஸ்மால் பல நாடுகளிலிருந்து வந்த 350 விதைத் தொகுதிகளை ஒரே நிலத்தில் வளர்த்து அளந்தார். 1976-இல் அவரும் ஆர்தர் கிராங்க்விஸ்டும் எழுதிய கட்டுரையில் இரண்டு கூட்டத்தையும் பிரிக்க வசதியான கோடாக 0.3-ஐ வைத்தார்கள். வகைப்பாட்டுக்காக நாங்களாக வரைந்த கோடு இது என்பதை அவர்களே எழுதியிருக்கிறார்கள். 0.3-ஐத் தாண்டினால் போதை ஏறிவிடும் என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. அந்தக் கோடு இன்று ஓர் உழவரின் விளைச்சலை எரிக்கவும் செய்யும் என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

ஏனென்றால் சி.பி.டி. நொதியும் முழுக்கச் சுத்தமாக வேலை செய்வதில்லை. பக்கவாட்டில் சிறிது டி.எச்.சி.யையும் உண்டாக்குகிறது. பூ முற்ற முற்ற இரண்டும் சேர்ந்தே ஏறும். நல்ல நார்க்கஞ்சா வகைகூட அறுவடை தாமதமானால் கோட்டைத் தாண்டிவிடலாம். வெயில், வெள்ளம், நோய் என்று செடி துன்பப்பட்டால் டி.எச்.சி. கூடும் என்றொரு நம்பிக்கை உழவர்களிடம் இருந்தது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் செடிகளை வெள்ளத்தில் நிறுத்தியும், காயப்படுத்தியும், களைக்கொல்லி தெளித்தும் பார்த்து 2021-இல் வெளியிட்டார்கள். பெரிய மாற்றம் இல்லை. வித்துதான் விதியை எழுதுகிறது.

நம் சட்டம் வேறு வழியில் செடியைப் பிரிக்கிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் சதவீதமே கிடையாது. பூவும் காயும் உள்ள நுனிதான் கஞ்சா. செடியிலிருந்து பிரித்தெடுத்த பிசின் சரஸ். நுனியோடு சேராத தனி இலையும் விதையும் அந்த வரையறைக்கு வெளியே. காசியில் இலையை அரைத்துச் செய்யும் பாங்கை விற்கும் கடை சட்டப்படி நடப்பது இதனால்தான். வேதியியல் மூலக்கூறைப் பார்க்கிறது, சட்டம் உறுப்பைப் பார்க்கிறது. ஒரு கிலோவரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு என்று தண்டனை ஏறுவதால், பிடிபட்ட மூட்டையில் இலையும் காம்பும் எவ்வளவு என்பது நீதிமன்றத்தில் பெரிய வாதமாகிவிடுகிறது. செடியை வளர்ப்பதோ, அது எந்த வகையாக இருந்தாலும், குற்றம். ஆனால் அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவு, நாருக்கும் விதைக்கும் தோட்டக்கலைக்கும் பயிரிட அரசு ஆணை பிறப்பித்து அனுமதிக்கலாம் என்கிறது. 1961-இன் ஐ.நா. ஒப்பந்தமும் நார், விதைக்கான சாகுபடியைத் தன் கட்டுப்பாட்டில் சேர்க்கவில்லை. ஆகக் கதவு இருக்கிறது. உத்தராகண்ட் அதைத் திறந்தது. இமாச்சலப் பிரதேசம் 2025 தொடக்கத்தில் தன் இரண்டு வேளாண், தோட்டக்கலைப் பல்கலைக்கழகங்களை வைத்துச் சோதனை முயற்சிக்கு ஒப்புதல் தந்தது.

தமிழ்நாடும் நாளையே ஆணை போட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஐரோப்பாவில் பெயர் பெற்ற நார்க்கஞ்சா விதையை வரவழைத்து ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரில் விதைக்கிறோம். மூன்று நான்கு மீட்டர் உயரம் போக வேண்டிய செடி ஓரிரு மாதத்தில் குட்டையாக நின்று பூத்துவிடும். தண்டே இல்லாதபோது நாருக்கு எங்கே போவது?

காரணம் மண்ணில் இல்லை, பகலின் நீளத்தில் இருக்கிறது. இதை முதலில் கண்டதே கஞ்சாச் செடியில்தான் என்பது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். பாரிஸில் ஜூலியன் டூர்னுவா என்ற இளைஞர் கஞ்சாவையும் அதன் உறவான ஹாப்ஸ் கொடியையும் வளர்த்துக்கொண்டிருந்தார். குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் விதைத்த செடிகள் முளைத்துச் சில இலைகளே விட்ட நிலையில் பூத்தன. சூடு காரணமா, ஈரமா, உரமா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். கடைசியில் வெளிச்சம் விழும் நேரத்தைக் குறைத்தார். உடனே பூத்தன. 1912-இலும் 1914-இலும் அதை எழுதினார். பகல் சுருங்குவதைவிட இரவு நீள்வதுதான் முக்கியம் என்றுகூட ஊகித்துவிட்டார். 1914-இல் முதல் உலகப்போர் வந்தது, போர்முனையில் இறந்துபோனார். 1920-இல் அமெரிக்காவின் கார்னரும் அல்லார்டும் புகையிலையிலும் சோயாவிலும் இதை விரிவாக நிறுவினார்கள். செடி இரவின் நீளத்தை அளந்து பூப்பதை ஒளிக்காலத்துவம் என்கிறோம். நம் பழைய சம்பா நெல்லுக்கும் இந்தக் குணம் உண்டு.

கஞ்சா ஒரு குறும்பகல் தாவரம். பெரும்பாலான ஐரோப்பிய நார் வகைகளுக்குப் பகல் சுமார் 14 மணி நேரத்துக்கு மேல் இருக்கும்வரை வளரும் காலம், அதற்குக் கீழே இறங்கினால் பூக்கும் காலம். வட ஐரோப்பாவில் 50-ஆவது அட்சரேகையில் ஜூன் மாதத்துப் பகல் 16 மணி நேரத்தைத் தாண்டுகிறது. உத்தராகண்ட் 30-ஆவது அட்சரேகையை ஒட்டியது. அங்கே மிக நீண்ட பகல் 14 மணி நேரம். ஜவ்வாது மலை 12.5 பாகையில் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலே ஏறக்குறைய 12 மணி 50 நிமிடம்தான். அதாவது வருடம் முழுக்க அந்த விதைக்கு அங்கே பூக்கும் காலம். இதே மலையில் காவலூரில் வானியல் ஆய்வுக்கூடத்தை அமைத்ததற்கு, நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் வடவானத்தோடு தென்வானத்தையும் பார்க்கலாம் என்பது ஒரு காரணம். வானியலாளருக்கு வாய்த்த அந்த நன்மை நார் உழவருக்குத் தடையாகிறது.

அப்படியானால் 130 ஆண்டுக்கு முன் அங்கே கஞ்சா எப்படி விளைந்தது? அது இந்த அட்சரேகைக்கே பழகிய ஊர் வகை. குறும்பகலிலும் அவசரப்படாமல் வளர்ந்து பிறகு பூக்கக்கூடியது. ஆனால் ஸ்மால் ஒட்டாவாவில் அளந்தபோது கண்ட இன்னொன்று இங்கே குறுக்கே நிற்கிறது. 30-ஆவது அட்சரேகைக்குத் தெற்கிலிருந்து வந்த விதைகள் பெரும்பாலும் டி.எச்.சி. வகை, வடக்கிலிருந்து வந்தவையே போதையற்றவை. முடிச்சு இதுதான்: நம் பகலுக்குப் பொருந்தும் செடியில் சட்டம் ஏற்காத மரபணு; சட்டம் ஏற்கும் செடிக்கு நம் பகல் போதாது.

இன்னொரு சிக்கல் காற்றில் வருகிறது. கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மகரந்தத்தைக் காற்று கொண்டுபோகும். மொராக்கோவின் கஞ்சா வயல் மகரந்தம் கடல் தாண்டித் தென் ஸ்பெயினின் மாலகா நகரத்துக் கருவிகளில் சிக்கியிருக்கிறது. போதைக்கஞ்சா வளர்ப்பவர் ஆண் செடிகளைத் தேடிப் பிடுங்குவார். கருவுறாத பெண் பூவில்தான் பிசின் மிகும். நார் வயலில் ஆணும் பெண்ணும் நெருக்கமாக, கிளை விடாதபடி கூட்டமாக நிற்கும். எங்கோ ஒரு மறைவிடத்துப் போதைச் செடியின் மகரந்தம் நார் வயலில் விழுந்தால் அந்த ஆண்டுப் பயிருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதன் விதையை எடுத்து அடுத்த ஆண்டு விதைத்தால் கோட்டைத் தாண்டும் செடிகள் முளைக்கும். தன் விதையைத் தானே எடுத்துவைக்கும் மலை உழவருக்கு இது சாதாரண ஆபத்து இல்லை.

முடிச்சை அவிழ்த்தவர்கள் இருக்கிறார்கள். வடக்குத் தாய்லாந்தின் மலைகளில் மோங் பழங்குடியினர் தலைமுறைகளாகக் கஞ்சா நாரில் துணி நெய்கிறவர்கள். அங்கே அரச திட்ட அறக்கட்டளையும் மேட்டுநில ஆராய்ச்சி நிறுவனமும் உள்ளூர்ச் செடிகளிலிருந்தே டி.எச்.சி. குறைந்தவற்றைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து ஆர்.பி.எஃப். 1 முதல் 4 வரை நான்கு வகைகளை உருவாக்கின. அந்தப் பகுதியின் சியாங் மாய் நகரில் மிக நீண்ட பகல் பதின்மூன்றேகால் மணி நேரம். ஜவ்வாது மலையிலிருந்து அரை மணிக்கும் குறைவான வித்தியாசம். தாய்லாந்து எல்லைக்கோட்டை 0.3-இல் வைக்காமல் 1 சதவீதத்தில் வைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெப்பமண்டலச் செடிக்கு அந்த இடைவெளி தேவைப்பட்டது.

இங்கே செய்வதானால் வேலை கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் போன்ற ஓரிடத்தில், வேலிக்குள், ஆராய்ச்சி அனுமதியோடு தொடங்க வேண்டும். அறிவியல் தேவைக்குச் சட்டம் இடம் தருகிறது. தெற்கத்திய ஊர் வகையையும் போதையற்ற வகையையும் கலந்தால், இரண்டாம் தலைமுறையில் நான்கில் ஒரு செடி சி.பி.டி. வகை. அவற்றைப் பூக்கும்வரை காத்திருந்து தேட வேண்டியதில்லை. இரண்டு இலை விட்ட நாற்றிலிருந்தே மரபணுச் சோதனை சொல்லிவிடும். அந்த நாற்றுகளில் தாமதமாகப் பூப்பவற்றை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த தலைமுறைக்குப் போக வேண்டும். ஒரு வகை நிலைத்து நிற்கப் பல பருவங்கள் பிடிக்கும். அதுவரை ஜவ்வாது மலையில் எந்த உழவர் கையிலும் இந்த விதையைக் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். கொடுக்கும் நாளிலும் ஆண்டுதோறும் புது விதையை அரசே தர வேண்டும். சோதனையில் பயிர் கோட்டைத் தாண்டினால் அந்த நட்டத்தை விதை தந்தவர் ஏற்க வேண்டும், வழக்கு உழவர் மேல் போகக் கூடாது. உத்தராகண்ட் மாதிரியை அப்படியே எடுத்து எழுதினால் இந்த இரண்டு விதிகளும் வந்துவிடாது. தமிழ்நாடு தன் ஆணையில் தனியாக எழுதிச் சேர்க்க வேண்டியவை இவை.